இழுத்துப் பார்ப்பவள்

வெள்ளைக் கயிற்றை நான் பிடித்திருக்கிறேன். எதிரில் பத்தடி தள்ளி சாரணர் மாஸ்டர் தனபால் சார் பச்சைக் கயிற்றைப் பிடித்திருக்கிறார். இரண்டு கயிறுகளின் மறுநுனிகளும் நடுவில் புல்லின் மேல் கிடக்கின்றன. தை மாதத்துப் பனி இன்னும் காயவில்லை. கான்வாஸ் ஷூவின் முனை நனைந்து ஈரம் விரலுக்கு வந்துவிட்டது. இன்று மூன்று பேர் போகிறார்கள். மிதுன் மூன்றாவது. என் பிள்ளை. இந்த மைதானத்தில் அப்படி நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது. பத்து வயது வரை குருளை, அதற்குமேல் சாரணன். குருளையர் வட்டத்திலிருந்து ஒருவன் சாரணர் பக்கம் போகிறபோது இந்த ரயில்வே காலனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பையன் நடுவில் வந்து நின்று எங்கள் வெள்ளைக் கயிற்றையும் அவர்களுடைய பச்சைக் கயிற்றையும் சேர்த்து ரீஃப் முடிச்சுப் போட வேண்டும். குருளையர் பக்கத்து ஆள் ஒருவர் போய் அதை இழுத்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கயிற்றைத் தரையில் தாழ்த்துவோம், பையன் அதைத் தாண்டிப் போய் தனபால் சாருக்கு இடது கை கொடுப்பான். சாரணர்களுக்கு இடது கைதான் குலுக்கும் கை. இழுத்துப் பார்க்கிற ஆள் நான். முடிச்சு தப்பாயிருந்தால் என்ன செய்வது என்று முதல் வருஷம் குருளையரை நடத்துகிற எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். வட்டத்துக்கே திரும்பி வர வேண்டியதுதான், அடுத்த விழா ஆறு மாசம் கழித்து, ஆனால் முப்பது வருஷத்தில் ஒருத்தனும் திரும்பி வந்ததில்லை என்றார். ஆறு மாசம். இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கணக்கை நான் இப்போது போடக்கூடாது. முதல் பையன் வந்துவிட்டான், உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே கட்டுகிறான், வலதை இடது மேலே போட்டு உள்ளே, இடதை வலது மேலே போட்டு உள்ளே. நான் கயிற்றோடு ஐந்தடி நடந்து போய் முடிச்சின் இரு பக்கமும் பிடித்து இழுக்கிறேன். நிற்கிறது. நுனிகள் இரண்டும் தன் தன் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. சரி என்கிறேன். அவன் தாண்டுகிறான், அவனுடைய அப்பா கை தட்டுகிறார், நான் முடிச்சை இரண்டு பக்கமிருந்தும் உள்ளே தள்ளுகிறேன், அது வாய் திறப்பதுபோல் அவிழ்ந்துவிடுகிறது. சரியான முடிச்சுக்கு அதுதான் குணம், கட்டினால் நிற்கும், தள்ளினால் அவிழும்.

எனக்குப் பார்ப்பதுதான் வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷமாக செக்கிங். மேசைக்கு மேலே ட்யூப் லைட், கையில் கத்தரி, மணிக்கட்டில் அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள். தையல் விட்டிருக்கிற இடம், எண்ணெய்க் கறை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, எங்கே குறையோ அங்கே அம்பை ஒட்டி, பிரித்துத் தைக்க ஆல்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி கண்ணுக்கு முன்னால் போகும். குறையை விடுவது ஒரு தப்பு, குறை இல்லாததில் அம்பு ஒட்டுவது அதைவிடப் பெரிய தப்பு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தந்தார்கள், நல்ல துணியைப் பிரித்துத் தைத்தால் பிரித்த ஓட்டை போகாது. அதோ தண்ணீர்த் தொட்டி நிழலில், ஸ்கூட்டரில் சாய்ந்து, ஈஸ்வரமூர்த்தி நிற்கிறார். செல்போனைத் தயாராக வைத்திருக்கிறார். மிதுனின் கால்சட்டையை அவர்தான் தேய்த்திருப்பார், மடிப்பு கத்திபோல் நிற்கிறது. அவர் கெட்டவர் இல்லை, எனக்கும் அவருக்கும் ஒரு வீட்டுக்குள் மூச்சு விட முடியவில்லை, அவ்வளவுதான். குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டோம். அப்போது எனக்கென்று இருந்தது திருப்பூர் ஹாஸ்டலில் ஒரு கட்டில், மேல் கட்டில். ஏழு வயசுப் பையனை மேல் கட்டிலில் எங்கே படுக்க வைப்பது. இங்கே ஈரோட்டில் அவருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது, பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருந்தது. மாதத்தில் முதல் ஞாயிறு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, அம்மா பார்க்கலாம் என்று தாளில் எழுதினார்கள். மூன்று மணி நேரம். அதிலும் அவருக்கு ட்யூட்டி வரும், பையனுக்குச் சளி பிடிக்கும். அப்போதுதான் எஸ்தர் டீச்சர் குருளையர் கூட்டத்துக்கு உதவிக்கு ஒரு பொம்பளை ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது, ஒவ்வொரு ஞாயிறும் ஏழிலிருந்து ஒன்பது வரை. ஈஸ்வரமூர்த்தியிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "அங்க நீ எல்லாப் பசங்களுக்கும் மிஸ்ஸு. அவனுக்கும் மிஸ்ஸு. அம்மான்னு கூப்புடறது கொஞ்சறதெல்லாம் முதல் ஞாயித்துக்கெழம வெச்சுக்க. சரின்னா வா." சரிங்க என்றேன். அன்றிலிருந்து மூன்று வருஷம், ஆறே கால் பாசஞ்சரில் வந்து இறங்கி, அவன் என்னை மிஸ் என்று கூப்பிட, நான் அவனை மற்றப் பிள்ளைகளைப்போல மிதுன் என்று கூப்பிட்டிருக்கிறேன். முதல் ஞாயிறுகளில் ஒன்பது மணிக்கு மிஸ் சல்யூட் வாங்கிக்கொண்டு அனுப்புவாள். அவன் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு பத்து மணிக்குப் பூங்காவுக்கு வருவான், அங்கே அம்மா உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரு மணி நேரம் நான் யாராகவும் இல்லாமல் டீக்கடையில் இருப்பேன்.

இரண்டாவது பையன் நடுவில் வந்து நிற்கிறான். கயிற்றை எடுக்கத் தெரியாமல் இரண்டு நுனியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு விழிக்கிறான், சாரணர் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள், தனபால் சார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நிற்கிறது. கட்டு கண்ணு, மெதுவாக் கட்டு என்று எஸ்தர் டீச்சர் சொல்கிறார். லோகோ ஷெட்டிலிருந்து ஹாரன் நீளமாக வருகிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஜூன் மாதத்து ஒரு ஞாயிறு ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கும் அதே நேரத்தில் அதே ஹாரன். மிதுனுக்குப் பத்து வயது முடிந்து ஒரு வாரம். கடைசிப் படிக்கான முடிச்சுச் சோதனை, நான்தான் பார்த்தேன், அட்டையும் பேனாவும் என் மடியில். அவன் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டினான். வாய் அசையவில்லை, யோசிக்கவும் இல்லை, விரல்களுக்கே தெரிந்திருந்தது. கட்டிவிட்டு நீட்டினான். நான் கையில் வாங்கினேன். நுனிகள் அழகாகப் படுத்திருந்தன. இதற்கு அட்டையில் ஒரு டிக் போட்டால் ஜூலை விழாவில் இவன் போய்விடுவான். சாரணர் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம், எனக்கு ஷிப்ட். ஷிப்ட் இல்லாவிட்டாலும் அங்கே எல்லாம் பெரிய பையன்கள், ஆண் மாஸ்டர்கள், பொம்பளை உதவி தேவையில்லை. மறுபடியும் மாதத்துக்கு மூன்று மணி நேரம். இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்து முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. ஹாரன் அடித்தது, எல்லாரும் ஷெட் பக்கம் திரும்பினார்கள், என் கட்டைவிரல் முடிச்சை உள்ளே தள்ளியது. அவ்வளவுதான். முடிச்சு வாய் திறந்துவிட்டது. பிறகு நான் இழுத்தேன், அது வந்துவிட்டது. "நிக்கலையே மிதுன். இன்னொரு தடவ பழகிட்டு வா," என்றேன். குரல் எவ்வளவு சாதாரணமாக வந்தது. அவன் அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தான், பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பார்த்தான். சரிங்க மிஸ் என்று எழுந்து போனான். ஒன்பது வருஷத்தில் குறை இல்லாத ஒரு துணியில் நான் அம்பு ஒட்டியதில்லை.

அப்புறம் ஆகஸ்டில் இரண்டாவது சோதனை. இந்த முறை சரியாகப் பார்த்து டிக் போட்டுவிடுவது என்று ரயிலில் வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன், சத்தியமாகச் செய்திருந்தேன். ஆனால் அவன் வலதை இடது மேல் போட்டான், மறுபடியும் வலதையே இடது மேல் போட்டான். நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நின்றன. தப்பு. தெரிந்திருந்த விரலை நான் குழப்பிவிட்டேன், சரியானதைத் தப்பு என்று சொன்னதால் இவன் தப்பைச் சரி என்று கற்றுக்கொண்டான், பிரித்த ஓட்டை, பிரித்த ஓட்டை என்று திரும்பும் வழியெல்லாம் தண்டவாளம் சொல்லிக்கொண்டு வந்தது. அக்டோபரில் மூன்றாவது சோதனை. அதே தப்பு, அதே இடத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஏதும் குறைந்துவிட்டானோ, ராத்திரி தூங்குகிறானோ, யாரிடம் கேட்பது, நான் வெறும் மிஸ். இதற்குள் அவன் குருளையர் வரிசையில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாகிவிட்டான். கால்சட்டை தொடைக்கு ஏறிவிட்டது. மற்றப் பையன்கள் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தா வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு எடங் குடுங்கடா என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய் உட்காருவான். அவனோடு சேர்ந்தவர்கள் மைதானத்தின் அந்தப் பக்கம் ஞாயிறு காலையிலும் வந்து கூடாரம் அடித்துப் பழகினார்கள், பிப்ரவரியில் முகாம், ஏற்காட்டில் மூன்று இரவு. அவனுக்குக் கூடாரம் என்றால் உயிர். ஐந்து வயதில் என் புடவையைக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் கட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு அம்மா நீயும் வா, நீயும் வா என்பான், எனக்குச் சமையல் இருக்கும். ஒரு தடவையாவது போயிருக்கலாம். போனேனா, போகவில்லையா, போனதாக ஒரு ஞாபகம், மஞ்சள் வெளிச்சம் மாதிரி, ஆனால் அது நான் பிறகு உண்டாக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். நவம்பரில் ஒரு நாள் பந்து எடுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். அங்கே அவன் புதிதாகச் சேர்ந்த ரிஷி என்கிற சின்னவனுக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கூடக் கட்டிக் காட்டினான். எல்லாம் சரி. ஒவ்வொன்றும் சரி. ரிஷி கேட்டான், "அப்புறம் ஏண்ணா நீ மட்டும் பெயிலு?" மிதுன் கயிற்றைச் சுருட்டினான். "அது அப்படித்தான்டா. மிஸ்ஸுக்குத் தொணைக்கு ஆளு வேணுமில்ல," என்றான். நான் பந்தை எடுக்காமலே வந்துவிட்டேன்.

என்னத்துக்கு மிஸ்ஸுக்குத் துணை. பத்து வயதுப் பிள்ளை, நான் தோற்கடித்ததைக் கண்டுபிடித்து, ஏன் என்றும் கண்டுபிடித்து, மிச்சத்தைத் தானே செய்யத் தொடங்கியிருக்கிறது. நான் ஒரு தடவை செய்தேன், அவன் இரண்டு தடவை செய்தான். தாத்தா என்ற பெயரையும் வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் எஸ்தர் டீச்சரிடம் போய், மிதுனுக்கு முடிச்சு வந்துவிட்டது, நான் பார்த்தேன் என்று சொல்லி அட்டையில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நல்லதாப் போச்சு கோகிலா, பையன் நெடுநெடுன்னு ஆயிட்டான், இனிமே இங்க வெச்சிருந்தா பாவம் என்றார் டீச்சர். பாவம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மிதுனிடம் அட்டையைக் கொடுத்தபோது அவன் டிக்கைப் பார்த்தான். சோதனை வெக்கலையே மிஸ் என்றான். உனக்குத்தான் தெரியுமே என்றேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. இந்த மாதம் முதல் ஞாயிறு பூங்காவில் மூன்று மணி நேரமும் ஊஞ்சல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் வாங்கிவந்த பன் பட்டர் ஜாமைத் தின்றான், தண்ணீர் குடித்தான், ஒரு மணிக்குப் போய்விட்டான். உன்னை வேண்டாம் என்று அனுப்பவில்லை கண்ணு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் ஜூன் மாதத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்கு நான் இரண்டாவது தடவையும் விட்டுவிட்டுப் போகிறவள். முதல் தடவை வீட்டிலிருந்து நான் போனேன், இப்போது வட்டத்திலிருந்து அவனை அனுப்புகிறேன்.

மிஸ், கட்டிட்டேன் என்கிறான் இரண்டாவது பையன், குரலில் எரிச்சல், எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. போய் இழுக்கிறேன். நிற்கிறது. சரி. தாண்டுகிறான். தள்ளுகிறேன், அவிழ்கிறது. கயிற்று நுனியை மறுபடி புல்லில் போடுகிறேன். எஸ்தர் டீச்சர் மிதுன் என்று கூப்பிடுகிறார். அவன் வட்டத்திலிருந்து வருகிறான். சின்னவர்கள் ஓரிருவர் தாத்தா தாத்தா என்று முணுமுணுக்கிறார்கள், இன்றைக்கு அதில் கொஞ்சம் பிரியமும் இருக்கிறது. ஈஸ்வரமூர்த்தி ஸ்கூட்டரை விட்டு நிமிர்ந்து செல்போனை உயர்த்துகிறார். அந்தப் பக்கம் தனபால் சாரின் தோளில் பச்சை ஸ்கார்ஃப் மடித்துத் தொங்குகிறது, அவனுக்காகத்தான். மிதுன் குனிந்து இரண்டு நுனிகளையும் எடுக்கிறான். வலதை இடது மேல் போட்டு உள்ளே விடுகிறான். நிற்கிறான். கயிற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். இரண்டு மாதமாகப் பார்க்காத பார்வை. வேண்டாம் கண்ணு. இடது, இப்போது இடது, இடது மேலே. அவன் மறுபடியும் வலதை எடுத்து மேலே போட்டு உள்ளே விட்டு, என் கண்ணை விட்டுக் கண் எடுக்காமல், மெதுவாக இறுக்குகிறான்.

ஐந்தடி. அதற்குள் எத்தனை நினைக்க முடிகிறது. தப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொய்யும் இல்லை, கண்ணுக்கு முன்னால் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டிருக்கின்றன, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தன் திரும்பி வருவான், இருபத்தாறு ஞாயிறு, அவனே கொடுக்கிறான், அவனே கட்டி நீட்டுகிறான். ஏற்காடு. தாத்தா. ஊஞ்சல் கம்பி. என் நிழல் முடிச்சின் மேல் விழுகிறது. இழுத்தால் நழுவும், நழுவுவது தனபால் சாருக்குத் தெரியும், ஈஸ்வரமூர்த்தியின் செல்போனுக்குத் தெரியும். வலது கையால் முடிச்சைப் பொத்திப் பிடிக்கிறேன். உள்ளங்கைக்குள் அது ஒரு சின்னப் பிராணிபோல் சூடாக இருக்கிறது. இழுப்பதுபோல் தோளை மட்டும் அசைக்கிறேன்.

"மிஸ், நல்லா இழுத்துப் பாருங்க," என்கிறான் மெல்ல.

நான் அவனுடைய காலரைப் பார்க்கிறேன். மேல் பித்தான் மாட்டியிருக்கிறது.

"அம்மா," என்கிறான். மூன்று வருஷத்தில் இந்த மைதானத்தில் அவன் சொல்லாத சொல். "அது தப்பும்மா."

"சரி," என்றேன் நான். தனபால் சாருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். எஸ்தர் டீச்சருக்கும் தொட்டி நிழலுக்கும் கேட்டிருக்கும். அவன் அசையவில்லை. பொத்திய கையை எடுக்காமல் நான் இடது கையை நீட்டினேன், வழக்கமே இடது கைதானே, யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அவன் என் கையைப் பார்த்தான், கட்டைவிரலை. பிறகு தன் கையைக் கொடுத்தான். விரல் நுனிகள் ஜில்லென்று இருந்தன. நான் கயிற்றைத் தாழ்த்தினேன். முடிச்சை விட முடியாததால் அதோடு குந்தி, மூடிய கையைப் புல்லின் மேல் வைத்துக்கொண்டேன். என் கையை ஒட்டி அவனுடைய ஷூ ஒன்று தாண்டியது, பிறகு இன்னொன்று. நாடாக்கள் அழகாகக் கட்டியிருந்தன, நுனிகள் ஒழுங்காகப் படுத்திருந்தன. கை தட்டினார்கள். நான் எழுந்து பார்த்தபோது தனபால் சார் அவன் கழுத்தில் பச்சை ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான். பெரிய பையன்கள் வரிசையில் அவன் ரொம்பச் சின்னவனாக இருந்தான். இரண்டு மாதமாக, ஏன், ஆறு மாதமாக, அவனை நான் அப்படிச் சின்னவனாகப் பார்க்கவில்லை.

இப்போது எல்லாரும் கலைந்துவிட்டார்கள். கொடியை இறக்கியாகிவிட்டது. சாரணர்களுக்கு அந்தப் பக்கம் மிட்டாய் கொடுக்கிறார்கள். ஈஸ்வரமூர்த்தி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என்னருகே வந்து நின்றார். மூன்று வருஷத்தில் இங்கே அவராக வந்து என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. "ஒரே தடவைல கட்டிட்டான், பாத்தியா," என்றார். முகமெல்லாம் சந்தோஷம். ஆமாங்க என்றேன். வீடியோ அனுப்பறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். எஸ்தர் டீச்சர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, கோகிலா, கயிறக் கொண்டா, ரெண்டையும் தனித்தனியா வெக்கணும் என்கிறார். அவுத்துத் தர்றேன் டீச்சர் என்று திண்டில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் உள்ளே தள்ளுகிறேன். வாய் திறக்கவில்லை. தப்பு முடிச்சு நழுவும், இல்லாவிட்டால் இறுகும், எது செய்யும் என்று சொல்ல முடியாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கை வேர்வையில் இது இறுகிவிட்டது. மணி ஒன்பது பத்து. இன்று முதல் ஞாயிறு இல்லை, பத்து மணிக்கு யாரும் வரமாட்டார்கள். வெள்ளை எங்கே முடிகிறது பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, நகத்தை உள்ளே விட்டு நெம்புகிறேன்.